மலைக்குளிரில் பச்சோந்தி: பட்டினி கிடந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள்

போன மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் அரவேணுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, ஒன்பது நாளா எதையும் தொடலண்ணா. கிரிக்கெட் வச்சேன், மீல்வார்ம் வச்சேன், கோயம்புத்தூர் வரைக்கும் போய் சூப்பர்வார்ம் வாங்கிட்டு வந்தேன். நேத்து வாயைத் திறந்து உள்ள தள்ளிக்கூடப் பாத்தேன்." குரல் உடைந்திருந்தது. கிரிக்கெட், மீல்வார்ம், சூப்பர்வார்ம் எல்லாம் தீனிக்கென்று விற்கும் பூச்சி, புழுக்கள். அவனிடம் இருப்பது வெய்ல்டு (veiled) என்ற வெளிநாட்டுப் பச்சோந்தி, எட்டு மாதக் குட்டி.

"பல்புக்குக் கீழ அது உக்கார்ற கிளையில எத்தனை டிகிரி இருக்கு தம்பி?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ரூம்ல பதினேழு இருக்குண்ணா. கிளையில வச்சுப் பாத்ததில்ல."

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பச்சோந்தி வளர்ப்பவர்களோடு பேசும்போதெல்லாம் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். சாப்பிடவில்லை என்றதும் தீனியை மாற்றுகிறோம். தீனி கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் சூடு, அடுத்து வெளிச்சம், அதற்கடுத்து தண்ணீர். இந்த மூன்றும் சரியாக இருந்து, அதன் பிறகும் சாப்பிடவில்லை என்றால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

குளிர்ந்த வயிற்றில் தீனி அழுகும்

பச்சோந்தியின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயில் காய்ந்துதான் செரிமானம் நடக்கிறது. வளர்ந்த வெய்ல்டுக்கு பல்புக்குக் கீழே உள்ள கிளையில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். குட்டிக்கு 28, 29 போதும். கூண்டின் மற்ற பகுதி 22 முதல் 26 வரை இருக்கலாம். சமவெளியில் இதற்காக யாரும் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை, வீடே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் இருக்கும். இங்கே டிசம்பர், ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே காலையில் 13, 14 டிகிரி. கீழே இருப்பவர் போட்ட வீடியோவைப் பார்த்து 40 வாட் பல்பு மாட்டினால் கிளையில் 22-ஐத் தாண்டாது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. "நாக்கை நல்லாத்தானே நீட்டுது, அப்புறம் என்ன?" என்பார்கள். வெய்ல்டு பச்சோந்திகளை 35 டிகிரியிலும் 15 டிகிரியிலும் வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. குளிரிலும் நாக்கு பாயும் வேகம் கொஞ்சமே குறைந்தது, உள்ளே இழுக்கும் வேகம்தான் வெகுவாகக் குறைந்தது. நாக்கு பாய்வது வில்லில் இழுத்துவிட்ட அம்பு போல, முன்கூட்டியே சேர்த்துவைத்த விசையால். இழுப்பது நேரடியாகத் தசையின் வேலை. ஆகவே குளிர்ந்து கிடக்கும் பச்சோந்தியும் பூச்சியைப் பிடித்துவிடும். பிடித்ததைச் செரிக்க முடியாது, அவ்வளவுதான்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஐப்பசி மழையில் லைன் மீது மரம் விழுந்து, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சாயங்காலம் ஐந்து கிரிக்கெட் கொடுத்தேன். ஐந்தையும் பிடித்தது. மறுநாள் மதியம் கூண்டுத் தரையில் ஒரு ஈரக் கட்டி. கிரிக்கெட்டின் கால்கள், இறக்கை எல்லாம் முழுசாக, மீன் அழுகிய வாடையோடு. அன்றிலிருந்து கரண்ட் இல்லாத நாளில் தீனி கிடையாது. வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் பட்டினி ஒன்றும் செய்யாது. குளிர்ந்த வயிற்றில் கிடக்கும் தீனிதான் கெடுதல். வாயைத் திறந்து திணிப்பது இதைவிட மோசம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

சூட்டைக் கூட்டப் போய் எதிர்த்திசையில் தவறுபவர்களும் உண்டு. பல்பைக் கூண்டுக்கு மேல் ஒட்டி வைத்துவிடுவார்கள். பச்சோந்திக்கு முதுகு வெந்தாலும் உடனே விலகத் தெரியாது. தலைக்கொண்டையிலும் முதுகு வரம்பிலும் முதலில் வெளிறி, பிறகு கறுத்துக் காய்ந்தால் அது தீக்காயம். வாட்டைக் கூட்டுங்கள், தூரத்தைக் குறைக்காதீர்கள். கிளையில் அது உட்காரும்போது முதுகு வரும் உயரத்தில் வெப்பமானியின் முனையைக் கட்டி, அரைமணி நேரம் விட்டு அளவு பாருங்கள்.

கூண்டு விஷயத்தில் நான் பலரோடு முரண்படுகிறேன். நாலு பக்கமும் வலைதான் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெப்பமான ஊருக்கு அது சரி. இந்த மலையில் வலைக்கூண்டில் சூடு நிற்காது. மூன்று பக்கம் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியையும் மேல் மூடியையும் மட்டும் வலையாக விடுங்கள். காற்று கீழே நுழைந்து மேலே போகும், சூடும் தங்கும்.

இரவுக் குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம். 18 டிகிரிக்கு இறங்குவது அதற்கு நல்லதே. நலமாக உள்ள பெரியது 15-ஐயும் தாங்கும், மறுநாள் காலையில் வெயில் காய இடம் இருந்தால். குட்டிக்கும், ஊட்டியில் உறைபனி விழும் வாரங்களுக்கும், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். ராத்திரி சிவப்பு பல்பு போட்டால் அதன் தூக்கம் கெடும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவருவதை நினைக்கவே வேண்டாம். அந்தப் புகையில் மனிதர்களே உயிர்விட்டிருக்கிறார்கள்.

அரவேணுத் தம்பி 100 வாட் ஹாலஜன் மாட்டி, கிளையில் 30 வந்ததும் படம் அனுப்பினான். நாலாம் நாள் எச்சம் போட்டது. ஆறாம் நாள் காலையில் ஒரு கிரிக்கெட். அந்த ஆறு நாளும் தீனியை அவன் மாற்றவே இல்லை.

கண்ணாடி வராந்தா வெயில்

குன்னூரில் நான் முன்பு குடியிருந்த பழைய வீட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த வராந்தா. காலை எட்டு மணிக்கெல்லாம் வெயில் கொட்டும். இத்தனை வெயில் இருக்க விளக்கு எதற்கு என்று கூண்டை அங்கே வைத்தேன். என் பச்சோந்தியின் கை வளைந்ததற்கு அந்த முடிவுதான் காரணம்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி, வெயிலில் உள்ள யுவிபி (UVB) என்ற புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், தேவையான கதிர் வராது. அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் தூவினாலும் உடலில் ஏறாது. உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும்.

முதலில் நடையில் தெரிந்தது. நல்ல பச்சோந்தி வயிற்றைக் கிளையிலிருந்து தூக்கி நடக்கும். என்னுடையது வயிறு உரச இழுத்துக்கொண்டு போனது. பிறகு முன்கையில் முழங்கைக்கு மேலே லேசான வளைவு, வில் போல. கிளைக்குப் பதிலாகத் தன் காலையே பிடித்துக்கொள்ளும். கடைசியாக நாக்கு: பூச்சியைக் குறி பார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு நுனி உதட்டோரம் வந்து நின்றுவிடும். பசி இருந்தது, நாக்கைப் பாயவிட வலு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலைகள் இன்னும் கண்ணில் இருக்கின்றன. மருத்துவம் பார்த்துப் பிழைத்தது. கை கடைசிவரை நிமிரவில்லை.

ஆகவே டி5 (T5) எனப்படும் நீளக் குழல் வடிவ யுவிபி விளக்கு கட்டாயம். சுருள் வடிவச் சின்ன பல்புகள் ஒரு சாண் தூரத்துக்கு மேல் பெரிதாக எதுவும் தருவதில்லை. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி குறைந்துகொண்டே வரும். வாங்கிய தேதியை மார்க்கரில் குழலின் மேலேயே எழுதி, ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். விளக்குக்கும் கிளைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது.

நிஜ வெயிலுக்கு ஈடு எதுவும் இல்லை, அதிலும் மலை வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். காற்று குளிர்ந்திருந்தாலும் கதிர் சுடும். செடித்தொட்டியில், பாதி நிழல் இருக்கும்படி, இருபது நிமிடம் வெளியே வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும்.

கால்சியப் பொடி: டி3 கலக்காததை அநேகமாக ஒவ்வொரு வேளையும் பூச்சி மேல் லேசாகத் தூவலாம். டி3-யும் மல்டிவைட்டமினும் 15 நாளைக்கு ஒருமுறை போதும். கை வளைந்ததைப் பார்த்துப் பதறி டி3-யைத் தினமும் கொட்டுபவர்கள் உண்டு. அது உடலில் தங்கி உறுப்புகளைக் கெடுக்கும். கழுத்தைச் சுற்றி ஊதித் தொங்கினால் பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் அதன் கண்ணில் படாது

பச்சோந்தி இலையில் உருளும் துளியைத்தான் தண்ணீர் என்று அறியும். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எச்சத்தோடு வரும் யூரேட்டை, அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. முழுக்க மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் தாகம். கண்மேடு குழிந்திருந்தால் தாகம் முற்றிவிட்டது.

இங்கே செய்யும் தவறு, குழாய்த் தண்ணீரை அப்படியே தெளிப்பது. காலை நேரத்து நீலகிரிக் குழாய்த் தண்ணீர் நம் கையையே விறைக்க வைக்கும். மேலே பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு இலைக்குப் பின்னால் போய்விடும், ஒரு துளி குடிக்காது. வெதுவெதுப்பான நீரை, விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மூன்று நிமிடம் நின்று தெளியுங்கள். முதல் நிமிடம் அது சும்மாதான் இருக்கும், அதன் பிறகே நக்கத் தொடங்கும்.

மஞ்சு மூடும் மாதங்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. ராத்திரியில் ஃபாகர் என்ற பனிமூட்டக் கருவியை ஓட்டாதீர்கள். இரவு விழும் முன் இலைகள் காய்ந்திருக்கட்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி பிடிக்கும். தலையை மேலே தூக்கி வாய் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் சொடுக்குச் சத்தம், வாயோரம் நூல் போன்ற எச்சில் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். நாய்க்கு வாங்கிய மருந்தை அளவு குறைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்துப் பூச்சி

வீட்டுக்குப் பின்னால் வெட்டுக்கிளி குதிக்கும்போது காசு கொடுத்துக் கிரிக்கெட் வாங்குவானேன் என்று தோன்றும். நம் மலையில் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி தேயிலை, மற்றபடி கேரட், கோஸ், உருளைக்கிழங்கு. எங்கே, எப்போது மருந்தடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மருந்து பட்டும் சாகாத பூச்சி அதைத் தன் உடலில் சுமந்துவரும். மின்மினிக்கு உடலிலேயே நஞ்சு உண்டு. அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

பட்டுப்புழு நல்ல தீனி, நீர்ச்சத்தும் மிகுதி. உடுமலைப் பக்கம் வளர்ப்பவர்களிடம் கிடைக்கும். ஆனால் தோலுரிக்கும் பருவங்களில் புழுப் படுக்கையில் கிருமிநாசினிப் பொடி தூவுவார்கள். பொடி படாத புழுவைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் சுத்தமான மல்பெரி இலையில் வைத்த பிறகே கொடுங்கள். கிரிக்கெட்டுக்கும் அப்படித்தான், கீரையும் பூசணியும் ஒருநாள் தின்னட்டும். பூச்சி தின்றதைத்தான் பச்சோந்தி தின்கிறது. பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்துக்கு மேல் போக வேண்டாம். மிச்சத்தைக் கூண்டில் விட்டுவைத்தால் ராத்திரி பசித்த கிரிக்கெட்டுகள் பச்சோந்தியையே கடிக்கும்.

வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி போதும். பெண் வெய்ல்டு விஷயத்தில் இதில் கண்டிப்பு வேண்டும். ஆண் இல்லாமலே அது முட்டை வைக்கும். கொழுக்கக் கொழுக்கத் தீனி போட்டால் ஒரே ஈட்டில் ஐம்பது, அறுபது. முட்டையிடும் முன் அது சாப்பாட்டை நிறுத்தித் தரையில் அலையும். அதை நோய் என்று எண்ணி மருந்து தேடாதீர்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளியை உள்ளே வைத்து, கூண்டைத் துணியால் மறைத்து, தனியே விடுங்கள். தோண்டாமல் கண்ணை மூடிக் கிடந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகத் தயங்குவது

பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்திக்கு அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் குறித்துவந்தால், பத்தில் ஒரு பங்கு குறையும்போதே பிடித்துவிடலாம்.

பலர் தாமதிப்பதற்குக் காரணம் காகிதம் இல்லாத பயம். வெளிநாட்டுப் பச்சோந்திகளில் வெய்ல்டு, பாந்தர், ஜாக்சன் எல்லாமே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டு முடியுங்கள். நம் நாட்டுப் பச்சோந்தி வேறு கதை. மசினகுடி, சீகூர்ப் பக்கம் சாலை கடக்கும்போது தட்டுப்பட்டால் கடக்கவிட்டு வாருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைப்பது குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கீழே இறங்குவதானால் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் துளையிட்டு, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, வெதுவெதுப்பான நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். குஞ்சப்பனை தாண்டியதும் அந்தப் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காருக்குள்ளேயே 35 டிகிரி ஆகிவிடும். டப்பாவில் புதிய எச்சம், எடை எழுதிய நோட்டு, கிளையில் வெப்பமானி காட்டும் அளவின் படம், பொடி டப்பா, யுவிபி குழலின் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். அவற்றை மேசையில் வைத்தால் மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளுக்குப் பதில் அங்கேயே இருக்கும்.