புதுச்சேரியைக் காலால் அளக்க

பழைய புதுச்சேரியைப் பார்க்க வாடகை ஸ்கூட்டர் எதற்கு? வீதிகள் கட்டம் போட்டாற்போல் நேராக ஓடுகின்றன. கிழக்கே நடந்தால் கடல், வழி தவறவே முடியாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே விடியற்காலையில் காந்தி சிலையருகே தொடங்குங்கள்.

பெரும்பாலோர் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அதைத் தமிழ்ப் பகுதியிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதியில் திண்ணையும், தெருவை ஒட்டிய தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள் இருக்கின்றன. என் கண்ணுக்கு இவைதான் அழகு. ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும் நடை தூரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சந்தை. கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.