ஜெர்சி சிட்டிக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் ரயிலைப் பாருங்கள், அப்புறம் வீட்டை

நியூயார்க்கில் வேலை கிடைத்து வரும் நம்மவர்களில் பலர் கடைசியில் குடியேறுவது ஹட்சன் ஆற்றுக்கு இக்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில்தான். மலிவான ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய கதை. கரையோர அடுக்குமாடிகளின் வாடகை இப்போது அக்கரையோடு போட்டி போடுகிறது. உண்மையான லாபம் வரியில் இருக்கிறது. நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் நகர வருமான வரி என்று தனியாக ஒன்று கட்ட வேண்டும். இக்கரையிலிருந்து வேலைக்குப் போய்வந்தால் அது கிடையாது. நியூயார்க் மாநில வரி உண்டு. அதற்கு நியூ ஜெர்சிக் கணக்கில் கழிவு கிடைக்கும். ஆனால் வருடாவருடம் இரண்டு மாநிலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

வீடு பார்க்கும் முன் அலுவலகம் அக்கரையில், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றுக்கு அடியில் ஓடும் பாத் (PATH) ரயில்தான் இந்த ஊரின் உயிர்நாடி. இரவு பகலாக 24 மணி நேரமும் ஓடுகிறது. ஊருக்குள் நான்கு நிலையங்கள்: ஜர்னல் ஸ்கொயர், குரோவ் ஸ்ட்ரீட், நியூபோர்ட், எக்ஸ்சேஞ்ச் பிளேஸ். அக்கரையில் ஒரு தடம் உலக வர்த்தக மையத்தில் முடிகிறது, இன்னொன்று மிட்டவுன் பகுதியிலுள்ள 33ஆம் தெருவுக்குப் போகிறது. ஜர்னல் ஸ்கொயரிலும் குரோவ் ஸ்ட்ரீட்டிலும் இரண்டுக்கும் நேர் வண்டி உண்டு. எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் பார்க்க அழகு. ஆனால் 33ஆம் தெரு வண்டி அங்கே நிற்காது. மிட்டவுனில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வீடெடுத்தவர்கள் தினமும் வண்டி மாறிக்கொண்டிருக்கிறார்கள். இரவிலும் வார இறுதியிலும் வண்டிகளின் இடைவெளி நீளும், தடமும் சில சமயம் மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு சங்கதி: பாத் வேறு, நியூயார்க் நகருக்குள் ஓடும் சப்வே ரயில் வேறு. ஒன்றில் கொடுத்த கட்டணம் மற்றதில் செல்லாது. பாத்தில் இறங்கி சப்வே பிடிக்க வேண்டிய அலுவலகம் என்றால் போகவரச் சுமார் 12 டாலர் ஆகிவிடும். பாத் நிலையத்திலிருந்து நடந்தே போகும்படி அமைந்தால் பாதி மிச்சம். பயணச் செலவைச் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்துக்கொள்ளும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. சேர்ந்த வாரமே மனிதவளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குள் ஓடும் லைட் ரயிலில் புதியவர்கள் அபராதம் கட்டுவது சகஜம். வாசலில் தடுப்பு இல்லை, கதவு திறக்கும், ஏறிவிடலாம். ஆனால் இயந்திரத்தில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. பக்கத்திலேயே இருக்கும் சிறு பெட்டியில் அதைச் செருகி, நேரத்தை அச்சடித்துக்கொள்ள வேண்டும். அச்சில்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான். கைபேசியில் வாங்கியதை ஏறும் முன் செயல்படுத்த வேண்டும்.

இனி வீடு. ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்கு மயங்கும் முன் தரைமட்டத்தைப் பாருங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ஆற்று நீர் டவுன்டவுன் தெருக்களுக்குள் புகுந்தது, பாத் சுரங்கமும் நிரம்பியது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழையும் ஊரை விட்டுவைக்கவில்லை. வெள்ள அபாயப் பகுதியா, முன்பு வெள்ளம் புகுந்ததா என்பதை வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 மார்ச்சிலிருந்து மாநிலச் சட்டம் இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். வாடகைதாரர்கள் எடுக்கும் சாதாரணக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. வாடகை குறைவென்று அடித்தள வீடு காட்டினால், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

ஊருக்குள்ளேயே மேட்டுப் பகுதி வேண்டுமென்றால் ஜர்னல் ஸ்கொயர் அல்லது ஹைட்ஸ் என்ற பகுதி. ஹைட்ஸில் பாத் கிடையாது, பஸ்தான். அதன் ஒரு முனையில் பாறைச் சரிவை ஒட்டி லிஃப்ட் இருக்கிறது. அதில் இறங்கினால் கீழே லைட் ரயில் நிறுத்தம். நடையும் படியும் பழகியவர்களுக்கு ஏற்ற பகுதி.

முன்பணமாக ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. காலி செய்த 30 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். உரிமையாளரும் உடன் குடியிருக்கும் சின்ன வீடுகளுக்கு விதி சற்று மாறும். கடன் வரலாறு இல்லாத புதியவர்களிடம் சிலர் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் வேலை நியமனக் கடிதமும் வங்கிக் கணக்கும் காட்டுங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

மளிகைக்கு ஜர்னல் ஸ்கொயரிலிருந்து நடக்கும் தூரத்தில் நியூவர்க் அவென்யூவில் இந்தியா ஸ்கொயர். குஜராத்திகள் கை ஓங்கிய தெரு. நமக்கு வேண்டிய இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும், தோசையும் கிடைக்கும். இந்தத் தெரு சும்மா வந்துவிடவில்லை. 1987இல் பொட்டு வைத்தவர்களைக் குறிவைத்து ஒரு கும்பல் இதே ஊரில் இந்தியர்களைத் தாக்கியது. இங்கேயே இருந்து கடை நடத்தியவர்கள்தான் தெருவைக் காப்பாற்றினார்கள். முருங்கைக்கீரைக்குப் பிலிப்பினோ கடைகளையும் எட்டிப் பாருங்கள், 'மலுங்கை' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எகிப்தியர், லத்தீன் அமெரிக்கர் என்று தெருவுக்குத் தெரு அடுப்பு மாறும் ஊர் இது. நம் ஊர் சாப்பாட்டிலேயே ஒதுங்கிவிடாதீர்கள்.

தமிழ்ப் பள்ளி, பெரிய கூட்டம் எல்லாம் இதே மாநிலத்து எடிசன் ஊர்ப் பக்கம்தான் அதிகம். கோயிலுக்குக் கார் இருந்தால் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர். இல்லாவிட்டால் ரயிலிலேயே நியூயார்க் நகரத்து ஃபிளஷிங் போய் 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, கீழ்த்தள கேன்டீனில் தோசை சாப்பிட்டு வரலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி அமைப்பில் இலவச மழலையர் வகுப்பு இருக்கிறது. கார் உடனே வேண்டாம். தெருவில் நிறுத்த அனுமதிச் சீட்டு, துப்புரவு நாளில் இடம் மாற்றும் அவஸ்தை என்று தலைவலிகள் வரிசையாக வரும்.

கோடையில் அப்பா அம்மா வந்தால் சுதந்திர தேவி சிலைக்கு மன்ஹாட்டன் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. லிபர்ட்டி ஸ்டேட் பூங்காவிலிருந்தே படகு போகிறது. படகுத்துறையை ஒட்டி 1889இல் கட்டிய பழைய ரயில் முனையம். எல்லிஸ் தீவில் இறங்கிய குடியேறிகளில் லட்சக்கணக்கானோர் இங்கிருந்துதான் உள்நாட்டுக்கு ரயிலேறினார்கள். அந்தத் தீவின் பெரும்பகுதி நியூ ஜெர்சிக்கே சொந்தம் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை இந்த ஊர்க்காரர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்று மட்டும்: லைட் ரயிலில் அதே பூங்கா பெயருள்ள நிறுத்தத்தில் இறங்கினால் படகுத்துறைக்கு அரை மணி நேர நடை. பெரியவர்களோடு போகும்போது துறை வாசல்வரை வாடகைக் காரிலேயே போய் இறங்குங்கள்.