லூப்பில் ஒன்று குறைகிறதா?

பைதன் என்ற கணினி நிரல் மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் 'ஃபார் லூப்' பழகும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது எண்ணிக்கையில்தான். 1 முதல் 10 வரை எண்ணும் என்று நினைத்து 'ரேஞ்ச்(1, 10)' என்று கொடுத்துவிட்டு, ஏன் 9 உடன் நின்றுவிட்டது என்று கேட்பார்கள். கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கும் மருமகளுக்கு வளவு வேலியைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன். 1 முதல் 11 வரை கதியால் நட்டால் இடைவெளி எத்தனை? 10 தானே. ரேஞ்சில் கொடுக்கும் இரண்டு எண்களும் கதியால்கள். லூப் சுற்றுவது இடைவெளிகளை. ஆகவே 10 வரை வேண்டுமென்றால் 'ரேஞ்ச்(1, 11)'. தொடக்க எண்ணை விட்டுவிட்டால் 0 இலிருந்து எண்ணும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம், நிரலை ஓடவிட முதல் ஒவ்வொரு சுற்றின் பெறுமதியையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் செய்யலாம். நிபந்தனை சரியாக இருக்கும்வரை சுற்றும் 'வைல் லூப்' நிற்காமல் ஓடினால் பதற வேண்டாம், கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள்.