ஞாயிறு வாசகங்களுக்குச் சிந்தனை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்தார் கூடும் சிறு குழு) இறைவார்த்தைப் பகிர்வை நடத்துபவர், பங்கு மாத இதழுக்கு எழுதுபவர், சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் சிந்தனை போடுபவர் என்று கத்தோலிக்க ஞாயிறு திருப்பலியில் படிக்கப்படும் விவிலிய வாசகங்களுக்கு விளக்கம் சொல்கிற, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் இன்று நிறைய பேர். நல்லதுதான். ஆனால் நம் எல்லோரிடமும் ஓர் அவசரம் இருக்கிறது. நற்செய்தியை ஒருமுறை வாசித்ததுமே, இது இன்றைய வாழ்வுக்கு என்ன சொல்கிறது என்று தாவிவிடுகிறோம். வாசகம் தன்னளவில் என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கவே மாட்டோம். தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு, பொதுக்காலம் (திருவருகைக் காலம், தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாள்கள்) 32ஆம் ஞாயிறு, மாற்கு 12:38-44. (ஞாயிறு வாசகங்களுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சி, வார நாள்களுக்கு இரண்டு ஆண்டுச் சுழற்சி. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) வழக்கமான சிந்தனை எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். அவள் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்டாள், நாமும் தாராளமாகக் கொடுப்போம் என்று ஆரம்பித்து, பல நேரம் கோவில் கட்டட நிதியில் போய் முடியும்.

ஆனால் அந்தப் பெண் காணிக்கைப் பெட்டியருகே வருவதற்குச் சற்று முன்புதான், மறைநூல் அறிஞர்கள் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்று இயேசு கடிந்துகொள்கிறார். அவள் போன உடனே, 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்தக் கோவில் கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள் அவள். எல்லாரையும்விட மிகுதியாகப் போட்டாள் என்று அவர் பாராட்டுவது உண்மை. ஆனால் நீங்களும் இப்படியே போடுங்கள் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளுடைய தாராளத்தைப் பற்றி மட்டும் பேசி, அவளை வெறுங்கையாக்கிய அமைப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், பாதி நற்செய்தியைத்தான் சொல்லியிருக்கிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாசக நூல் அன்றைக்கு 41 முதல் 44 வரை மட்டும் கொண்ட குறுகிய வாசகத்தையும் அனுமதிக்கிறது. அதை வாசித்தால் அந்தக் கண்டனம் கோவிலில் யார் காதிலும் விழாது. 13:1-2 அன்றைய வாசகத்தில் எப்படியும் இல்லை. வாசகத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காராமல், விவிலியத்தைத் திறந்து முன்னும் பின்னும் படித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அதே ஞாயிறின் முதல் வாசகம் சாரிபாத்துக் கைம்பெண்ணைப் பற்றியது (1 அரசர்கள் 17:10-16). அவளும் கடைசிக் கைப்பிடி மாவை எலியாவுக்குக் கொடுக்கிறாள். ஆனால் இறைவாக்கினர் வந்துபோன வீட்டில் பானை காலியாகவில்லை. அவளும் அவள் மகனும் உயிர் பிழைக்கிறார்கள். முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலோ, அனாதைகளையும் கைம்பெண்களையும் ஆதரிக்கிற கடவுளைப் பாடும் திருப்பாடல் 146. மூன்றையும் சேர்த்துப் படித்தால், கைம்பெண்ணிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடம் இல்லை என்று புரியும். பல பங்குகளில் அந்தத் திருப்பாடலை விட்டுவிட்டு, பாடகர் குழுவுக்குப் பழக்கமான ஏதோ ஒரு பாட்டைப் பாடிவிடுகிறார்கள். பதிலுரைப் பாடலும் இறைவார்த்தைதான், இடைவெளி நிரப்பும் பாட்டு அல்ல. சிந்தனை எழுதுபவருக்கு அன்றைய சாவி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டாம் வாசகத்தில் நேர் எதிரான தவறு நடக்கிறது. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருந்தும்படி தேர்ந்திருக்கிறார்கள்; இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தை (புதிய ஏற்பாட்டுக் கடிதத்தை) வாரா வாரம் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போவது. 32ஆம் ஞாயிறு எபிரேயர் 9 வருவதற்குக் காரணம் அந்த வரிசைதான், காணிக்கை அல்ல. இரு வாசகங்களையும் நற்செய்தியையும் ஒரே கருத்தில் கட்டிப்போட முயன்றால் இல்லாத தொடர்பைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். திருவருகைக் காலம், தவக்காலம், பெருவிழாக்கள் என்றால் கதை வேறு. அப்போது இரண்டாம் வாசகத்தையும் பொருத்தம் பார்த்தே வைத்திருப்பார்கள்.

எபேசியர் 5 வரும் ஞாயிறும் (இரண்டாம் ஆண்டு, 21ஆம் ஞாயிறு) கவனிக்க வேண்டியது. மனைவி கணவருக்குப் பணிய வேண்டும் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு குடும்ப அறிவுரை எழுதுகிறவர்கள் உண்டு. வாசகம் தொடங்குவது அதற்கு முந்தைய 21ஆம் வசனத்தில். ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்கிறது அது. கணவர்களுக்கோ, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல அன்பு செய்யச் சொல்கிறது. எது கடினமானது என்று கணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மகதலா மரியாவைப் பாவியான பெண்ணாக்குவது பழைய தவறு. லூக்கா 7இல் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்தவருக்குப் பெயர் இல்லை. மரியா வருவது 8:2இல், ஏழு பேய்கள் நீங்கியவராக. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் குழப்பம் எளிது. 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில் இருவரையும் ஒருவராக்கிப் பேசியது மேற்கில் நிலைத்துவிட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22ஐ மகதலா மரியாவின் விழாவாக உயர்த்தினார். உயிர்ப்பின் செய்தியைத் திருத்தூதர்களுக்கு அறிவித்தவர் என்பதே அவர் பெருமை.

பரிசேயரையும் யூதரையும் வில்லன்களாக்கி எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். இயேசுவின் சிலுவைப் பாடுகளின் குற்றத்தை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள்மீதோ இன்றைய யூதர்கள்மீதோ சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் அந்த ஊசிக் காது. செல்வர் இறையாட்சிக்கு உட்படுவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று இயேசு சொன்னது. எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சிறு வாயில் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். இயேசு காலத்தில் அப்படி ஒரு வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. மண்டியிட்டால் நுழையலாம் என்றால் சீடர்கள் அப்படித் திகைத்திருக்கவும் மாட்டார்கள். இந்த நற்செய்தி வரும் ஞாயிறின் (இரண்டாம் ஆண்டு, 28ஆம் ஞாயிறு) முதல் வாசகம் சாலமோனின் ஞானம் 7:7-11. செல்வத்தைவிட ஞானத்தை விரும்பியவரின் பேச்சு. அதைக் கைபேசிச் செயலியில் தேடி, இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 66 நூல்கள் கொண்ட பதிப்பில் அது இருக்காது. 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கத் திருவிவிலியத்தைப் பாருங்கள்.