பழைய லாண்ட் ரோவரின் முதல் உரிமையாளரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இன்று எஞ்சியிருக்கும் பழைய லாண்ட் ரோவரையோ வில்லீஸ் ஜீப்பையோ பற்றி விசாரித்தால், அதன் முதல் உரிமையாளராக ஒரு டொக்டரையோ பிரக்கிராசியையோ (வழக்கறிஞர்) ஓவசியரையோ (வேலை மேற்பார்வையாளர்) ஊரார் சொல்வார்கள். அதைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. எனினும் அந்த மனிதரின் பெயரும் வாகனத்தின் அடிச்சட்ட (சசி) இலக்கமும் ஒரே தாளில் சேர்ந்து காணப்படும்வரை, கையிலிருப்பது அவருடைய வாகனந்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தேடலில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் அவசரப்பட்டு முடிச்சுப் போடுவதிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே பெயரிலிருந்து தேடலைத் தொடங்குவதுதான் முதல் தவறு. தொடங்க வேண்டிய இடம் இரும்பு. லாண்ட் ரோவர் சீரிஸ் இரண்டு, இரண்டு-ஏ, மூன்று ஆகிய மாதிரிகளில் அடிச்சட்ட இலக்கம் வலப்பக்க முன் ஸ்பிரிங் வில்லைத் தாங்கும் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். வாகனத்தின் உள்ளே ஆணியறைந்திருக்கும் சிறு தகட்டை மட்டும் பார்த்துத் திருப்தியடைபவர்கள் பலர்; ஆனால் அந்தத் தகட்டை ஒரு வாகனத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்துவதற்கு அரை மணி நேரமும் வேண்டாம். இரண்டு இலக்கங்களையும் எடுத்து ஒப்பிட்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். துரு மூடிய இலக்கத்தை அரைக்கும் இயந்திரத்தால் சுரண்டுவது மிகக் கெட்ட பழக்கம்: இலக்கம் அழிவதோடு, அதை யாரோ வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கும் இடமளித்துவிடும். கம்பித் தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் போதும்.

அந்த இலக்கமே சில கேள்விகளுக்கு விடை சொல்லும். முன்பின் சில்லுகளுக்கு இடையே எண்பத்தெட்டு அங்குலம் உள்ள சீரிஸ் இரண்டு-ஏ பெற்றோல் வாகனத்தில் 241 என்று தொடங்கினால் அது பிரித்தானிய உள்நாட்டுச் சந்தைக்கானது. 242 வலப்பக்கச் சுக்கானோடு (ஸ்டியரிங்) ஏற்றுமதியானது. 243 பாகங்களாகப் பிரித்து அனுப்பப்பட்ட வலப்பக்கச் சுக்கான் வாகனம். 244 இடப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதியானது. இலங்கையில் புதிதாக இறக்கப்பட்டதென்று சொல்லப்படும் வாகனத்தின் இலக்கம் 244 என்று தொடங்கினால், குடும்பக் கதையைக் கேட்பதற்கு முன் அந்த அடிச்சட்டம் எங்கிருந்து வந்ததென்று கேட்க வேண்டியிருக்கும். இலக்கத்தின் இறுதியில் வரும் ஆங்கில எழுத்தை ஆண்டின் குறியென்று எண்ணுவதும் தவறு. அது வடிவமைப்பில் ஏற்பட்ட மாற்றங்களையே குறிக்கும்.

எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை என்பதற்காக வாகனத்தையே போலி என்று ஒதுக்குவது, எங்கள் மண்ணின் வரலாற்றை மறந்த செயல். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்கள் குடாநாட்டில் ஏராளம். அப்படித் தேய்ந்த எஞ்சின்கள் மாற்றப்பட்டதில் வியப்பில்லை. கிடைத்த டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டு இன்றும் ஓடுபவை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. போர்ட் நிறுவனம் செய்தவற்றில் எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் ஒரே இலக்கம் இடப்பட்டது. வில்லீஸ் செய்தவற்றிலோ தொழிற்சாலையிலேயே இரண்டும் வெவ்வேறு. ஆகவே வில்லீஸ் ஒன்றில் இலக்கங்கள் வேறுபடுவது எதற்கும் சான்றாகாது.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1957க்கு முற்பட்ட பதிவுகள் ஆங்கில எழுத்துகளோடும், அதற்குப் பின் சில பத்தாண்டுகள் வந்தவை சிங்கள ஸ்ரீ எழுத்தோடும் வழங்கப்பட்டன. பழைய குடும்பப் படமொன்றில் தமிழ் எழுத்திலான ஸ்ரீயோடு ஒரு வாகனம் நிற்பதைக் கண்டு, அது போலித் தகடு என்றோ பிற்காலத்தில் திருத்திய படமென்றோ முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் வடக்கில் பலர் தங்கள் வாகனங்களில் சிங்கள எழுத்தை அகற்றித் தமிழ் எழுத்தை எழுதினார்கள். அப்படிப்பட்ட படம் கிடைத்தால் அது அந்தக் காலத்தை ஒட்டியதாக இருக்கலாம் என்பதற்கான தடயமாகவும், வாகனத்தை வைத்திருந்தவரின் நிலைப்பாட்டுக்கான தடயமாகவும் கொள்ளத்தக்கது.

பதிவுப் புத்தகத்தில் முதலில் இருக்கும் பெயரை அப்படியே முதல் உரிமையாளரென்று ஏற்றுக்கொள்வது இன்னொரு பெருந்தவறு. அரச திணைக்களங்களும் கூட்டுத்தாபனங்களும் வாங்கிப் பல ஆண்டுகள் பாவித்துக் கழித்த ஜீப்புகளை ஏலத்தில் எடுத்தவர்கள்தான் பல குடும்பங்களில் முதல் உரிமையாளராக நினைவில் நிற்கிறார்கள். இதற்கு மறுதலையான குழப்பமும் உண்டு. பொதுப்பணித் திணைக்களம் கொடுத்த வாகனத்தில் நாள்தோறும் திரிந்த ஓவசியரின் பெயரால் ஊர் அந்த ஜீப்பை அழைத்திருக்கும். அவர் அதற்கு ஒருபோதும் உரிமையாளராக இருந்திருக்க மாட்டார். கடனில் வாங்கிய வாகனமாயின் பதிவுபெற்ற உரிமையாளர் ஒருவராகவும் கடன் தீரும்வரை முழு உரிமை கொண்ட முற்றுரிமையாளர் நிதி நிறுவனமாகவும் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒப்பமிட்ட உரிமை மாற்றுப் படிவங்களை மட்டும் கைமாற்றிக்கொண்டு, பெயரைப் பதியாமலே ஆண்டுக்கணக்கில் வாகனத்தை வைத்திருக்கும் வழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. அவ்வாறு வைத்திருந்தவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இல்லாதவர்கள். ஆனால் வாகனத்தின் வாழ்வில் இருந்தவர்கள்.

பெயர் கிடைத்த பின்னரும் வழி நேராகாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தோறும் தொடர்வதில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகிவிடுகிறது. கந்தையா என்பவரின் மக்களைத் தேடுபவர் கந்தையா என்ற பெயரோடு அவர்களைக் காணப்போவதில்லை, ‘க.’ என்ற எழுத்தோடுதான் காண்பார். ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதும் பழக்கமும் இருப்பதால், ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று கைவிடுவது அவசரம். ஊர், தொழில், படித்த பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் பெயரோடு சேர்த்துத் தேடினால்தான் ஆள் பிடிபடுவார்.

இந்த இடத்தில் வெளியூர்த் தேடலாளர்களுக்குக் கிடைக்காத செல்வம் ஒன்று எங்களிடம் இருக்கிறது: இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளளவில் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடப்படும் நினைவு மலர். பிறந்த ஊர், பெற்றோர், சம்பந்தம் செய்த இடம், பதவிகள், பிள்ளைகள் வாழும் நாடுகள் எல்லாம் அதில் ஒருங்கே கிடைக்கும். சில வேளை வாசலில் நிற்கும் வாகனத்தின் படமும் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்களும் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் பெருந்தொகையாக உள்ளன. இதை ஒரு தடவையேனும் தேடிப் பார்க்காமல் வீடு வீடாக அலைவது வீண் சிரமம். அதே சமயம் நினைவு மலர் புகழுரை என்பதையும் மறக்கக்கூடாது. ‘எமது ஊரில் முதன்முதல் ஜீப் வாங்கியவர்’ என்ற வரியை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், விசாரிக்க வேண்டிய செய்தியாகவே எடுத்துக்கொள்வேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டதால் இங்கே அழிந்துபோன இதழ்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடிப் பார்க்கலாம்.

தேடலை யாழ்ப்பாணத்துக்குள் அடக்கிக்கொள்வதும் பொருத்தமன்று. குடாநாடு சமதரை, நல்ல வீதிகளும் இருந்தன. இங்கே வசித்தவர் ஒருவர் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தை வாங்கினார் என்றால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அவருக்கு வயல் இருந்ததா என்று கேட்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டும். இருந்திருந்தால், வாகனத்தை நன்கறிந்தவர்கள் அந்த வயற்புறத்திலேயே இருப்பார்கள்.

குடும்பத்தாரோடு பேசும்போது நேரும் தவறுதான் எல்லாவற்றிலும் திருத்தக் கடினமானது. “எப்போது விற்றீர்கள்?” என்று கேட்கக்கூடாது. 1995 ஒக்ரோபரில் போர் நெருங்கியதால் யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமப் பகுதியை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்கள் பலர் வாகனத்தை விற்கவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். வேறு சிலரிடமிருந்து அது எடுத்துச் செல்லப்பட்டது. இன்று தங்கள் தகப்பனாரின் ஜீப் இன்னொருவர் கராச்சில் நிற்கிறது என்று தொலைபேசியில் கேள்விப்படும் மகளுக்கு அது இழப்பின் செய்தியாகவும் உரிமைக் கேள்வியாகவும் ஒருசேர வந்து சேரும். “உங்கள் ஐயா எந்த வாகனம் வைத்திருந்தார்?” என்று தொடங்கி, அவர்களாகச் சொல்லவிட வேண்டும். இலக்கத்தையோ நிறத்தையோ நாம் முதலில் சொல்லிவிட்டால், அவர்களுடைய நினைவு எது, நாம் ஊட்டியது எது என்று பின்னர் பிரித்தறிய முடியாது.

பிரித்தானிய மோட்டார் அரும்பொருளகம் லாண்ட் ரோவர்களுக்கு வழங்கும் பாரம்பரியச் சான்றிதழ் பயனுள்ளது. செய்த நாள், அனுப்பிய நாள், முதல் நிறம், அனுப்பப்பட்ட இடம் என்பவற்றை அதில் பார்க்கலாம். ஆனால் வாகனம் எந்த விற்பனையாளருக்குச் சென்றது என்பதோடு அந்தப் பதிவு நின்றுவிடும். வாங்கியவரின் பெயரை அதில் எதிர்பார்த்துப் பணம் கட்டி ஏமாறக்கூடாது. செய்த நாளுக்கும் இங்கே பதிந்த நாளுக்கும் இடையே பல மாதங்கள் இருப்பதும் இயல்பு.

நிறம் பூசுவதற்கு முன் கதவுகளைக் கவனியுங்கள். லாண்ட் ரோவரின் மேலுடல் அலுமினியக் கலவை என்பதால் துருவேறிப் போகாமல் பழைய நிறப்பூச்சுப் படைகள் அடியில் தங்கியிருக்கும். ஈரமான நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் ஒரு திணைக்களத்தின் பெயரோ இலக்கமோ வெளிப்படக்கூடும். முழுவதையும் உரித்தெறிந்த பின்னர் முதல் உரிமையாளரைத் தேடத் தொடங்குபவர்கள், வாகனமே வைத்திருந்த சாட்சியத்தைக் கழுவிவிட்டுத்தான் தேடுகிறார்கள். கிடைத்ததைப் படமெடுத்து, எந்தக் கதவு, எந்தப் படை என்று குறித்து, பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். உறுதியாகாத ஆண்டுகளுக்கு எதிரே எந்தப் பெயரையும் எழுதாமல் இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.