பெரியவர்கள் வாசித்த பழைய இதழ்களை வாங்கும்போது

"இது வ.உ.சி. வைத்திருந்த இதழ், உள்ளே கையெழுத்துகூட இருக்கிறது" என்று யாராவது ஒரு பழைய பத்திரிகையை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் மையைப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா பரவலாகக் கடைக்கு வந்ததே 1945-க்குப் பிறகுதான். வ.உ.சி. காலமானது 1936-ல். பால்பாயிண்ட் எழுத்து என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. மைப்பேனா என்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள். தாள் மடிந்து நைந்த இடத்தில் மை கசிந்து பரவியிருந்தால், மடிப்பு விழுந்த பிறகு எழுதிய கையெழுத்து அது. இதழே அசல்தானா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் உலோக எழுத்துகளை அச்சுக்கோத்து அடித்த தாளின் பின்பக்கத்தில் விரலை ஓட்டினால் எழுத்தின் புடைப்பு பெரும்பாலும் லேசாகத் தட்டுப்படும்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு வாங்கிய பிறகுதான் நடக்கிறது. விலாசம் ஒட்டிய தபால் உறை, பக்கங்களுக்கு நடுவே செருகிய சந்தா ரசீது, ஓரத்தில் போட்ட பென்சில் கோடு எல்லாவற்றையும் குப்பை என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். கையெழுத்தைப் போலியாகப் போட ஆள் உண்டு, பழைய சந்தா ரசீதை உருவாக்க யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. அதனால் எனக்கு உறைதான் நல்ல சாட்சி. புதிதாக பைண்டிங் செய்யக் கொடுத்தால் இன்னும் மோசம். ஓரத்தைச் சீராக வெட்டும்போது இதழை வைத்திருந்தவர் அங்கே எழுதிய குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

ஒருவர் சேர்த்துக் கட்டிய வால்யூமைப் பிரித்துத் தனித்தனி இதழாக விற்பதை எந்த லாபத்துக்காகவும் செய்யாதீர்கள். எதை எதனோடு சேர்த்துக் கட்டினார் என்பதிலேயே அவருடைய வாசிப்பு தெரியும். பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1992-ல் அவர் மறைந்த பிறகும் சிதறாமல் சென்னைக்கு வந்து, 1994-ல் நூலகமானதால்தான் இன்று ஆய்வாளர்களுக்கு அவ்வளவும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், லேமினேஷனைப் பத்திரமாகப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். நூலக முத்திரை இருந்தால், அது முறைப்படி கழித்து விற்றதா என்று அந்த நூலகத்திலேயே கேளுங்கள். அப்புறம், வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.