திடீர்னு ஒரு இழப்பு வந்துட்டா எப்படி ஜெபம் பண்றது

என் தம்பி விபத்துல போன அன்னைக்கு ராத்திரி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்"னு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு, ஆனா பல மாசத்துக்கு அந்த வசனத்தை என்னால காது குடுத்து கேக்கவே முடியல.

அது வேதத்துல, பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாள்ல இழந்த யோபு சொன்னது. அதைச் சொன்னப்போ அவர் எப்படி இருந்தாருன்னு யோபு புத்தகம் 1:20ல பாருங்க. சால்வையைக் கிழிச்சு, தலையைச் சிரைச்சு, தரையில விழுந்து கிடந்துதான் பணிஞ்சாரு. அதே வாய்தான் 3ஆம் அதிகாரத்துல பிறந்த நாளையே சபிக்குது, ஆனா கடைசில 42:7ல தேவன் கோபப்படறது காரணம் காரணமா விளக்கம் சொன்ன சிநேகிதங்க மேலதான், யோபு சரியா பேசினான்னு சொல்றாரு. அதனால அழுதா விசுவாசம் போயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, செத்துப்போன தன் சிநேகிதன் லாசருவை உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசுவே அழுதாரு.

முதல் சில நாள் பெரிய ஜெபம் எதுவும் வேண்டாம், "ஆண்டவரே, முடியல" போதும், அது கூட வரலன்னா சும்மா அவர் முன்னாடி உக்காருங்க. சாப்பிடுங்க, தூங்குங்க. எலியா தீர்க்கதரிசி மனசு உடைஞ்சு சாகணும்னு கேட்டப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பாடு குடுத்தான், மறுபடி தூங்கவிட்டு மறுபடியும் குடுத்தான்.

சொந்த வார்த்தை வராதப்போ சங்கீதம் 13ஐ சத்தமா வாசிங்க, ஆறே வசனம், எதுவரைக்கும் எதுவரைக்கும்னு திரும்பத் திரும்ப கேக்குறாரு தாவீது. அதோட முடிவுல வர்ற பாட்டு உங்களுக்கு ஒட்டலன்னா 88க்குப் போங்க, அது ஆறுதலே இல்லாம முடியுது, அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துல வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அந்த ஒரு சங்கீதம்தான் ரொம்ப நாள் துணையா இருந்துச்சு. கோபம் இருந்தா அதையும் அவர்கிட்டயே சொல்லுங்க, அவரை விட்டு விலகிப்போய் புலம்பறதுக்கும் அவர்கிட்டயே சண்டை போடறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

சபைக்குப் போனா கடைசி வரிசைல, கதவு பக்கத்துல உக்காருங்க. பாட வரலன்னா பாடாதீங்க, மத்தவங்க பாடட்டும், நீங்க அந்தச் சத்தத்துக்கு நடுவுல இருந்தாலே போதும். தாங்கலன்னா பாதில எழுந்து வந்துடுங்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ஏன்ங்கிற கேள்விக்கு பதில் கிடைச்சாதான் ஆராதனைன்னு வச்சுக்காதீங்க. யோபு புத்தகத்துல 38ஆம் அதிகாரத்துல இருந்து 41 வரைக்கும் தேவன் யோபுகிட்ட பேசுறாரு, காரணத்தை மட்டும் சொல்லவே இல்ல. ஆனா வந்து பேசினாரு.

வாழவே வேண்டாம்னு தோண ஆரம்பிச்சா தனியா இருக்காதீங்க, அன்னைக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி டாக்டரைப் பாருங்க, அது விசுவாசக் குறைவு இல்ல.

துக்கத்துல இருக்கவங்களைப் பாக்கப் போறவங்களுக்கும் ஒண்ணு. யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில கூடவே உக்காந்திருந்தாங்க, அந்த ஏழு நாளை மட்டும் அவங்ககிட்ட இருந்து கத்துக்கோங்க.